நீக்க முடியாத ஒருவர்

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் நாட்காட்டியில் ஒரு திங்கட்கிழமைக்குத் தனிப்பெயர் உண்டு. கருப்புத் திங்கள். வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டங்கள் ஞாயிறன்று முடிந்ததும், மறுநாள் காலையிலிருந்து தலைமைப் பயிற்சியாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதவி இழப்பார்கள். அணி உரிமையாளரின் பெயரில் ஓர் அறிக்கை வெளியாகும். நீக்கப்பட்டவரின் உழைப்புக்கும் நேர்மைக்கும் முதல் பத்தியில் நன்றி. அணிக்குப் புதிய திசை தேவைப்படுகிறது என்ற அறிவிப்பு இரண்டாம் பத்தியில். பல ஆண்டுகளாக இவ்வறிக்கைகளைப் படித்துவரும் எனக்கு, பெயர்களை மாற்றினால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அப்படியே வைத்துவிடலாம் என்றே தோன்றுகிறது. எழுந்தாக வேண்டிய ஒரு கேள்விக்கு மட்டும் அவற்றில் இடமிருப்பதில்லை: இந்தத் தவறான மனிதரைத் தேர்ந்தெடுத்தவர் யார்?

தலைமை என்பதைப் பற்றி விளையாட்டுலகம் ஓயாமல் பேசுகிறது. பயிற்சியாளரின் தலைமைப் பண்பு, அவர் ஓய்வறையில் ஆற்றிய உரை, நெருக்கடியில் அவர் காட்டிய நிதானம் ஆகியவை குறித்துப் புத்தகங்கள் குவிகின்றன. வணிக மேலாண்மை வகுப்புகளில் அவை பாடமாகவும் ஆகின்றன. ஆனால் பயிற்சியாளர் ஓர் ஊழியர். அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அணி எத்தனை முறை தோற்றாலும் அவரை எவரும் நீக்க முடியாது. ஓர் அணியின் தலைமை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது என்பதும், பயிற்சியாளரை மாற்றும் சடங்கு பெரும்பாலும் அந்த உண்மையை நம் கண்ணிலிருந்து மறைக்கவே பயன்படுகிறது என்பதும் என் துணிபு.

இவ்வாட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் 32 அணிகள் உள்ளன. 2021 முதல் ஒவ்வொரு அணியும் பருவத்துக்கு 17 ஆட்டங்கள் ஆடுகின்றது. கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் அணித்தலைவர் பந்துவீச்சாளரை மாற்றுகிறார், தடுப்பாளர்களை நிறுத்துகிறார். பயிற்சியாளர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருக்கிறார். இங்கே நிலைமை தலைகீழ். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் ஆட்டம் நிற்கும். அடுத்து என்ன செய்வதென்பதைக் களத்துக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் குழுவே முடிவு செய்கிறது. 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவியே பொருத்தப்பட்டு, பயிற்சியாளரின் குரல் அவர் காதில் நேராக ஒலிக்கிறது. இரு நகர்வுகளுக்கிடையே தொலைக்காட்சிக் கேமரா தேடிப் போவதும் பயிற்சியாளரின் முகத்தையே. ஆகவே வெற்றி தோல்வி இரண்டையும் அந்த முகத்தோடு சேர்த்தே பார்க்கப் பார்வையாளன் பழகிப்போகிறான்.

இந்தப் பழக்கத்துக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அமெரிக்கப் பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அத்தனை ஆட்டங்களில் நல்லூழும் தீயூழும் ஏறத்தாழச் சமன்பட்டுவிடும். 17 ஆட்டங்களில் அப்படி நேர்வதில்லை. ஒரு கோணல் உதை, முன்னணி வீரர் ஒருவரின் கிழிந்த முழங்கால் தசைநார், நடுவரின் ஒரு தவறான தீர்ப்பு போதும், மூன்று ஆட்டங்கள் கைமாறிவிடும். 10 வெற்றி பெற்றவர் ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகப் பேசப்படுகிறார். 7 வெற்றி பெற்றவர் திங்கட்கிழமை காலையில் பெட்டி கட்டுகிறார். இரண்டு பேருக்கும் இடையே உள்ள திறமை வேறுபாடு அந்த மூன்று ஆட்டங்களின் அளவுக்கு இருந்தாக வேண்டும் என்பதில்லை. தலைமைப் பயிற்சியாளர் வெளியேறும்போது அவர் அமர்த்திய உதவிப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோரும் வெளியேறுகிறார்கள். ஊர் மாறி, பிள்ளைகளின் பள்ளி மாறி, ஒரு சிறு குடியிருப்பே குடிபெயர்கிறது. செய்தித்தாளில் ஒரு பெயர்தான் வரும்.

இனி உரிமையாளரின் பக்கம். ஐரோப்பியக் கால்பந்தில் தொடர்ந்து தோற்கும் அணி கீழ்நிலைப் பிரிவுக்குத் தள்ளப்படும், வருமானம் சரியும். அமெரிக்க அமைப்பில் அந்தத் தண்டனை கிடையாது. தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் வருவாயை 32 அணிகளும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. 2021இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 11,000 கோடி டாலர். கடைசி இடத்தில் முடித்த அணிக்கும் அதே பங்கு. மேலும், ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. 1994 முதல் வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. போட்டி சமநிலையாக இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் எழுந்த ஏற்பாடுகள் இவை. ஆனால் இவற்றின் உடன்விளைவாக, தோல்விக்கு விலை கொடுக்காத ஓர் ஆள் உருவாகிவிட்டார்.

டேனியல் ஸ்னைடரின் கதை இதற்கு முழுமையான சான்று. 1999இல் அவர் வாஷிங்டன் அணியை 80 கோடி டாலருக்கு வாங்கினார். அதற்கு முன் ஜோ கிப்ஸின் தலைமையில் மூன்று சூப்பர் பௌல் கோப்பைகளை வென்றிருந்த அணி அது. ஸ்னைடர் 24 பருவங்கள் உரிமையாளராக இருந்தார். அக்காலத்தில் இடைக்காலத்தவர் இருவரையும் சேர்த்துப் பத்துப் பேர் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தனர். மார்ட்டி ஷாட்டன்ஹைமர் 2001ஆம் பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்று, பின் அணியை நிமிர்த்தி 8 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தார். ஒரே பருவத்தில் அவர் வெளியேற்றப்பட்டார். ஓய்விலிருந்த கிப்ஸையே 2004இல் திரும்ப அழைத்தும் பழைய பெருமை மீளவில்லை. 24 பருவங்களில் அணி பிளே-ஆஃப் சுற்றை எட்டியது ஆறு முறை. அந்தச் சுற்றில் வென்ற ஆட்டங்கள் இரண்டே இரண்டு. பணியிடத் துன்புறுத்தல் புகார்களும் விசாரணைகளும் சூழ, 2023இல் அவர் அணியை விற்றார். கூட்டமைப்பு அவருக்கு 6 கோடி டாலர் அபராதம் விதித்தது. விற்பனை விலை 605 கோடி டாலர்.

இந்த எண்களை வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். பத்துப் பயிற்சியாளர்களும் தோல்வியின் முத்திரையைச் சுமந்து சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு மேலே அமர்ந்து, பலரை அனுப்பியவர் தான் போட்ட முதலை ஏழரை மடங்காக்கிக்கொண்டு வீடு திரும்பினார். புதிய உரிமையாளர் குழு வந்த பின், 2024இல் டான் க்வின் பயிற்சியாளராக, ஜேடன் டேனியல்ஸ் என்ற புதுமுகக் குவார்ட்டர்பேக்குடன் அணி 12 ஆட்டங்களில் வென்றது. பிளே-ஆஃப் சுற்றில் இரண்டு வெற்றி; கால் நூற்றாண்டில் கிடைத்தது ஒரே பருவத்தில் கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டே அணி மீண்டும் சரிந்ததையும் சொல்லியாக வேண்டும். உரிமையாளர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒன்பது முறை பயிற்சியாளரை மாற்றியும் கிட்டாத ஒன்று வேறு எங்கோ தடுக்கப்பட்டிருந்தது என்று ஐயுறுவதற்கு இது போதிய காரணம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே ஒன்பது முறை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

எதிர்த் துருவத்தில் எல்லோரும் காட்டும் உதாரணம் பிட்ஸ்பர்க். 1969 முதல் 2024 வரையிலான 56 பருவங்களில் அந்த அணிக்கு மூன்றே தலைமைப் பயிற்சியாளர்கள்: சக் நோல், பில் கௌவர், மைக் டாம்லின். 1933இல் தொடங்கப்பட்டு, பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றைக்கூட வெல்லாமலே நாற்பதாண்டை நெருங்கிக்கொண்டிருந்த அணி அது. ரூனி குடும்பம் 1969இல் நோலை அமர்த்தியது. அவர் முதல் ஆட்டத்தில் வென்றார். அடுத்த 13 ஆட்டங்களிலும் தோற்றார். இரண்டாம் ஆண்டு 5 வெற்றி, மூன்றாம் ஆண்டு 6. இன்றைய வழக்கப்படி இரண்டாம் கருப்புத் திங்களையே அவர் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் அந்த மூன்றாண்டுகளில் நோல் வீரர்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தார். முதல் டிராஃப்டிலேயே ஜோ கிரீன். அடுத்த ஆண்டு டெர்ரி பிராட்ஷா. 1974 டிராஃப்டில் மட்டும் பின்னாளில் புகழ்மண்டபம் புகுந்த நால்வர். 1974 முதல் 1979 வரையிலான ஆறு பருவங்களில் நான்கு சூப்பர் பௌல்கள் அவர் வசமாயின.

டாலஸில் இதைவிட விந்தையான ஒன்று நடந்தது. டாம் லேண்ட்ரியின் முதல் நான்கு பருவங்கள், 1960 முதல் 1963 வரை: 13 வெற்றி, 38 தோல்வி, 3 சமநிலை. முதல் ஆண்டில் ஒரு வெற்றிகூட இல்லை. நகரம் முழுதும் அவரை நீக்கச் சொன்ன வேளையில் உரிமையாளர் கிளின்ட் மர்ச்சிசன் 1964இல் அவருக்குப் பத்தாண்டு ஒப்பந்த நீட்டிப்பு அளித்தார். 1966 தொடங்கி 1985 வரை இருபது பருவங்கள் தொடர்ச்சியாக அந்த அணி தோல்விகளைவிட அதிக வெற்றிகளைப் பெற்றது. 1979இல் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு வந்த பில் வால்ஷும் முதல் ஆண்டில் 2 வெற்றி, இரண்டாம் ஆண்டில் 6 வெற்றி, மூன்றாம் ஆண்டில் சூப்பர் பௌல் என்ற பாதையில்தான் நடந்தார்.

இந்த மூவரின் கதையையும் சொல்லிவிட்டு, 'ஆகவே பொறுமையே வெற்றிக்கு வழி' என்று முடிப்பது எளிது. இத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. அது நேர்மையான வாதமாகாது. பொறுமை காத்து வென்றவர்களின் பெயர் நினைவில் நிற்கிறது. பொறுமை காத்துத் தோற்றவர்களை மறந்துவிடுகிறோம். கிளீவ்லேண்ட் அணி 1999இல் மீண்டும் தொடங்கப்பட்டது முதல் 2019 வரை, இடைக்காலத்தவரை விட்டுவிட்டால், ஒன்பது தலைமைப் பயிற்சியாளர்களைக் கண்டது. ஓயாத மாற்றத்தின் பெயரால் கேலிக்குள்ளான அந்த அணி ஒருமுறை பொறுமையையும் முயன்றது. 2016இல் 1 வெற்றி, 15 தோல்வி பெற்ற ஹியூ ஜாக்சனை அது தக்கவைத்தது. மறு ஆண்டில் 16 ஆட்டங்களிலும் தோல்வி. மீண்டும் தக்கவைத்தது. 2018இல் பாதிப் பருவத்தில் அவர் நீக்கப்பட்டபோது மொத்தக் கணக்கு 3 வெற்றி, 36 தோல்வி, 1 சமநிலை. பொறுமைக்கும் செயலின்மைக்கும் வெளித்தோற்றம் ஒன்றே.

மாற்றம் பலன் தந்த கதைகளும் உண்டு. டேம்பா பே அணி 2002 ஜனவரியில் டோனி டஞ்சியை நீக்கியது. சிதறிக் கிடந்த அணியை எடுத்து நிறுத்தியவர் அவர். அவரிடத்துக்கு ஓக்லண்ட் அணியிலிருந்து ஜான் குரூடனைப் பெறுவதற்காக முதற்சுற்றுத் தெரிவுரிமைகள் இரண்டு, இரண்டாம் சுற்றுத் தெரிவுரிமைகள் இரண்டு, கூடவே 80 லட்சம் டாலர் கொடுத்தது. ஓராண்டுக்குள் கோப்பை வந்தது. டஞ்சி இண்டியானாபொலிஸுக்குச் சென்று 2007இல் தானும் ஒரு சூப்பர் பௌலை வென்றார். ஃபிலடெல்ஃபியா அணி பதினான்கு பருவங்கள் பணியாற்றிய ஆண்டி ரீடை 2012 முடிவில் விடுவித்தது. அவர் கான்சஸ் சிட்டியில் மூன்று சூப்பர் பௌல்களை வென்றார். ஃபிலடெல்ஃபியாவும் நட்டப்படவில்லை, டக் பீடர்சனுடன் 2018 பிப்ரவரியிலும், அவரையும் நீக்கிவிட்டு அமர்த்திய நிக் சிரியானியுடன் 2025 பிப்ரவரியிலும் வென்றது. மாற்றியதனால் எவரும் கெட்டுவிடவில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? ஃபிலடெல்ஃபியாவின் நடுப்பகுதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ரீடுக்குப் பின் வந்த சிப் கெல்லிக்கு உரிமையாளர் ஜெஃப்ரி லூரி 2015இல் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முழு அதிகாரத்தையும் கொடுத்தார். அதற்காகப் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மனை ஓரங்கட்டினார். அந்தப் பருவம் முடியும் முன்பே அது தவறான ஏற்பாடு என்பது தெளிவாயிற்று. லூரி கெல்லியை நீக்கியதோடு நிற்கவில்லை. ரோஸ்மனைப் பழைய பொறுப்புக்கு மீட்டு, அதிகாரத்தைப் பகிர்ந்து வைத்த தன் ஏற்பாட்டையே கலைத்தார். தோல்வியின் காரணங்களைப் பட்டியலிடுகையில் தன் முடிவையும் அதில் சேர்த்துக்கொண்டார் என்றே அதைப் படிக்க வேண்டும். மர்ச்சிசன் செய்ததும் வேறொரு வடிவில் இதேதான். லேண்ட்ரியிடம் புதிதாய்ப் பிறந்த அணியை, தேர்ந்த வீரர்கள் இல்லாத அணியைக் கொடுத்தவர் தாம்தான் என்பதை அவர் மறக்கவில்லை. கிளீவ்லேண்டில் இல்லாதது இந்த நினைவு. அங்கே பொறுமையும் மாற்றமும் மாறி மாறி வந்தன. முடிவெடுப்பவர் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டதற்கான தடயத்தை அந்த ஆண்டுகளில் காண முடியவில்லை.

அண்மைக் காலத்தில் இதன் மிகத் தெளிவான உதாரணம் டெட்ராய்ட். ஃபோர்டு குடும்பத்தின் அணி. 1957இல் கோப்பை வென்ற பிறகு 2023 வரை பிளே-ஆஃப் சுற்றில் அந்த அணி வென்றது ஒரே ஒரு ஆட்டம், 1992 ஜனவரியில். 2014 முதல் 2017 வரை ஜிம் கால்ட்வெல் பயிற்சியாளராக இருந்தார். நான்கு பருவங்களில் மூன்று, வெற்றிகள் மிகுந்தவை. இரண்டு முறை பிளே-ஆஃப். 9 வெற்றி, 7 தோல்வி போதாது என்று அவரை நீக்கினார்கள். அவருக்குப் பின் வந்த மேட் பட்ரீஷியாவின் முதல் பருவத்தில் 6 வெற்றி, இரண்டாவதில் 3. மூன்றாம் பருவத்தின் நடுவிலேயே அவரும் போனார். நல்லதை எறிந்துவிட்டுச் சிறந்ததைத் தேடப் போய் இரண்டையும் இழந்த கதை.

2020இல் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் தாயிடமிருந்து பொறுப்பேற்றார். 2021இல் டான் கேம்ப்பெல் பயிற்சியாளர், பிராட் ஹோம்ஸ் பொது மேலாளர். பன்னிரண்டு ஆண்டுகள் அணியைத் தாங்கிய குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை விட்டுக்கொடுத்து, ஜாரட் காஃபையும் எதிர்காலத் தெரிவுரிமைகளையும் பெற்றார்கள். முதல் ஆண்டு 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமநிலை. 2022 அக்டோபரில் 1 வெற்றி, 5 தோல்வி என்று அணி தத்தளித்தபோது ஷீலா ஃபோர்டு ஹாம்ப் பத்திரிகையாளர்களின் முன்னால் வந்து நின்றார். இது நாங்கள் தெரிந்தே மேற்கொண்ட பெரும் இடிப்பு வேலை, இதற்குக் காலம் ஆகும், இவர்கள்மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அடுத்த ஆட்டத்திலும் தோல்வி. அதன் பின் எஞ்சிய பத்தில் எட்டு ஆட்டங்களை அணி வென்றது. 2023இல் 12 வெற்றி, 2024 ஜனவரியில் பிளே-ஆஃப் வெற்றிகள். அடுத்த பருவத்தில் 15 வெற்றி. அன்று அவர் பேசியது வெற்றிக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவர் 'நாங்கள்' என்ற தன்மைப் பன்மையில் பேசினார் என்பதையே சுட்ட விரும்புகிறேன். கருப்புத் திங்கள் அறிக்கைகளில் நீக்கப்பட்டவர் எப்போதும் படர்க்கையில்தான் இருப்பார்.

பொறுமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதுமில்லை. இவ்விளையாட்டின் வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருப்பினத்தவர். நவீன காலத்தில் ஒரு கருப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளராக வந்தது 1989இல்தான்: ரெய்டர்ஸ் அணியின் ஆர்ட் ஷெல். 2002இன் தொடக்கத்தில் டஞ்சியும், மினசோட்டாவில் பத்துப் பருவங்களில் எட்டு முறை பிளே-ஆஃப் கண்ட டென்னிஸ் கிரீனும் அடுத்தடுத்து நீக்கப்பட்டனர். அவ்வாண்டு வழக்கறிஞர்கள் சைரஸ் மெஹ்ரியும் ஜானி காக்ரனும் வெளியிட்ட அறிக்கை, கருப்பினப் பயிற்சியாளர்கள் சராசரியாக அதிக வெற்றி ஈட்டியும் எளிதில் நீக்கப்படுகிறார்கள் என்று புள்ளிவிவரத்தோடு காட்டியது. அதன் விளைவாக 2003இல் ரூனி விதி வந்தது. தலைமைப் பயிற்சியாளரைத் தேடும் ஒவ்வோர் அணியும் சிறுபான்மையினர் ஒருவரையேனும் நேர்காண வேண்டும் என்றது.

விதி நேர்காணலைத் தந்தது. காலத்தை அதனால் தர முடியவில்லை. ஸ்டீவ் வில்க்ஸ் 2018இல் அரிசோனாவில் ஒரே பருவம். டேவிட் கல்லி 2021இல் ஹூஸ்டனில் ஒரே பருவம். அவரிடத்தில் 2022இல் அமர்த்தப்பட்ட லவி ஸ்மித்துக்கும் ஒரே பருவம். பிரையன் ஃப்ளோரஸ் மயாமி அணிக்குத் தொடர்ந்து இரு பருவங்களில், 10 வெற்றியும் 9 வெற்றியுமாக, தோல்வியைவிட வெற்றி மிகுந்த கணக்கைத் தந்துவிட்டு 2022 ஜனவரியில் நீக்கப்பட்டார். அடுத்த மாதம், சில அணிகள் தம்மைப் போன்றோரை நேர்காண்பதே கண்துடைப்பு என்று குற்றம்சாட்டிக் கூட்டமைப்பின்மீது வழக்குத் தொடுத்தார். இவர்கள் அனைவரும் நோலின் அளவுக்குத் திறமையானவர்கள் என்று எவரும் நிறுவ முடியாது. ஆனால் நோலும் ஓராண்டில் நீக்கப்பட்டிருந்தால் அவரைப் பற்றியும் எதையும் நிறுவியிருக்க முடியாது. 1 வெற்றி, 13 தோல்வி என்ற ஒற்றை வரியாக அவர் பெயர் எஞ்சியிருக்கும். பொறுமை என்பது பணத்தைப் போன்ற ஒரு செல்வம். அது யாருக்குக் கடனாகக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதில் நீதி சார்ந்த கேள்வி ஒன்று உறைந்திருக்கிறது.

அச்சம் களத்திலும் தன் வேலையைச் செய்கிறது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை விதி. நான்காம் முயற்சியில் தோற்றால் பந்து அவ்விடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும் என்பதால், பயிற்சியாளர்கள் வழக்கமாகப் பந்தைத் தொலைவுக்கு உதைத்துவிடச் சொல்வார்கள். பெர்க்லியின் பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணிந்து முன்னேறுவதே வெற்றி வாய்ப்பைக் கூட்டும் பல தருணங்களிலும் அணிகள் உதைப்பதையே தேர்ந்தெடுக்கின்றன என்று காட்டினார். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வழக்கப்படி உதைத்துத் தோற்றால் அணி தோற்றது என்பார்கள். துணிந்து தோற்றால் பயிற்சியாளர் தோற்கடித்தார் என்பார்கள். வேலை நிலைக்குமா என்ற கவலையில் இருப்பவர் அணிக்கு நல்லதைவிடத் தமக்குப் பாதுகாப்பானதைத் தேர்கிறார். அடிக்கடி நீக்கும் உரிமையாளர் தாம் வெறுக்கும் கோழைத்தனத்தைத் தாமே பயிரிடுகிறார். கல்லூரிக் கால்பந்தில் பயிற்சியாளர் மாற்றங்களை ஆராய்ந்து மூன்று அரசியல் அறிவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவும் இங்கே பொருந்தும்: மிக மோசமான அணிகளுக்கு மாற்றத்தால் பெரிய பயன் இல்லை, நடுத்தர அணிகளோ மாற்றத்துக்குப் பின் முன்னைவிடத் தாழ்ந்தன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. அணி உரிமையாளரின் சொத்து. தன் பணத்தில் தன் ஊழியரை அமர்த்தவும் நீக்கவும் அவருக்கு உரிமை இல்லையா? நீக்கப்படும் பயிற்சியாளரும் ஒப்பந்தத்தின் எஞ்சிய தொகையைப் பெற்றுக்கொண்டுதானே போகிறார்? இவற்றில் உண்மை உண்டு. ஆனால் சொத்து முழுவதும் அவருடையது என்பதை மட்டும் ஏற்பதற்கில்லை. பஃபலோவின் புதிய அரங்குக்கு மாநிலமும் மாவட்டமுமாக 85 கோடி டாலர் பொதுப்பணம் தர 2022இல் ஒப்புக்கொண்டன. லாஸ் வேகஸ் அரங்குக்கு விடுதி வரியிலிருந்து 75 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஊரார் பணத்தில் எழுந்த கூரையின் கீழ் ஆடும் அணி, ஊரின் பெயரைத் தாங்கிய அணி, அவ்வூராருக்கு எந்தப் பதிலும் சொல்லக் கடமைப்பட்டதில்லை என்பது எவ்வகை நியாயம்?

ஓர் அணி மட்டும் விதிவிலக்கு. விஸ்கான்சினின் சிறு நகரமான கிரீன் பேயின் அணிக்குத் தனி உரிமையாளர் இல்லை. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். அவர்களுக்கு இலாபம் கிடையாது. அவர்கள் சார்பில் ஒரு நிர்வாகக் குழு. குழுவின் தலைவர் எழுபது வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும். அங்கும் பயிற்சியாளர்கள் நீக்கப்பட்டிருக்கிறார்கள். 1999இல் ரே ரோட்ஸ் 8 வெற்றி பெற்றும் ஒரே பருவத்தில் போனார். சூப்பர் பௌல் வென்று தந்த மைக் மெக்கார்த்தி 2018இல் பருவத்தின் நடுவிலேயே அனுப்பப்பட்டார். பொது உடைமை கருணையைக் கொண்டுவந்துவிடும் என்று எண்ண வேண்டியதில்லை. ஆயினும் பயிற்சியாளரை நீக்கியவரும் நீக்கத்தக்கவராக இருக்கும் ஒரே இடம் அது. பிற அணிகள் இந்த வழியில் செல்லக் கூட்டமைப்பின் விதிகளே இன்று இடந்தருவதில்லை.

அந்த விதிகள் மாறும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 605 கோடி டாலருக்கு விற்கக்கூடிய ஒன்றைப் பொதுவில் வைக்க எவர் முன்வருவார்? நம்மால் மாற்றக்கூடியது நம் பேச்சு முறை ஒன்றே. இரசிகரும் எழுத்தாளரும் அடுத்த கருப்புத் திங்களன்று, பட்டியலில் நீக்கப்பட்டவர் பெயருக்கு எதிரே அவரை அமர்த்தியவரின் பெயரையும் எழுதலாம். இவர் அமர்த்தும் எத்தனையாவது பயிற்சியாளர் இவர், முந்தியவர்களுக்கு எத்தனை பருவம் கொடுத்தார், அவர்களில் எவருக்கு அதிகம், எவருக்குக் குறைவு என்று கணக்கு வைக்கலாம். பயிற்சியாளரின் வெற்றி தோல்விகள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு எல்லாப் பட்டியல்களிலும் இருக்கின்றன. உரிமையாளரின் கணக்கும் அதே எளிமையோடு, அதே பக்கத்தில், பெயருக்கு எதிரே அச்சாகட்டும்.